எட்டு நம்பர், அகலக் கால்

இடது காலில் மாட்டியிருந்த வெள்ளை ஷூ அப்படியொன்றும் கடிக்கவில்லை என்று மங்கையர்க்கரசி இரண்டாவது தடவையாகத் தனக்குள் சொல்லிக்கொண்டபோதே அது கடிக்கிறது என்பது தெரிந்துவிட்டது, கடிக்காத ஷூவைப் பற்றி யாரும் இரண்டு தடவை சொல்லிக்கொள்வதில்லை, ஒரு தடவைகூடச் சொல்லிக்கொள்வதில்லை, மாட்டிக்கொண்டு நடந்துபோய்விடுகிறார்கள். சுண்டுவிரல்தான். மற்ற நான்கும் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டன, சுண்டுவிரல் மட்டும் கடைசி நேரத்தில் பஸ்ஸில் ஏறிய ஆளைப் போல ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நிற்கட்டுமே. குன்னூரிலிருந்து கோயம்புத்தூர் வரைக்கும் எத்தனை பேர் நின்றுகொண்டே வருகிறார்கள். கோல்ஃப் ஆட்டம் பதினெட்டுக் குழியும் முடிய நாலு மணி நேரம், நாலு மணி நேரம் ஒரு சுண்டுவிரல் நின்றால் குடிமுழுகிவிடாது. ஆனால் எதிரே முக்காலியில் சபாபதி உட்கார்ந்திருந்தார். முப்பத்து மூன்று வருஷம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர், கண்ணாடிக் குழாயில் நிறம் மாறுகிறதா என்று பார்க்கிற அதே பார்வையோடு மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், புருவம் ஒரு நூல் சுருங்கினாலும் குறித்துக்கொண்டுவிடுவார். போன மாதம் சாப்பாட்டு மேசையில் இருவருக்கும் ஒரு உடன்பாடு ஏற்பட்டிருந்தது. "ஈரம் உள்ள போகக் கூடாது, வழுக்கக் கூடாது, காலை எங்கயும் அழுத்தக் கூடாது. இந்த மூணும் சேர்ந்த ஷூ ஒண்ணு கிடைச்சா மறுபடியும் ஆடு, நான் வாயே தொறக்க மாட்டேன். கிடைக்கலேன்னா மட்டையையெல்லாம் பரண் மேல போட்டுரலாம்" என்று அவர் சொன்னார். இவளும் சரி என்றுவிட்டாள். யோசிக்காமல் சரி என்றுவிட்டாள். ஏன் அவ்வளவு சீக்கிரம் சொன்னோம் என்பது இப்போதுதான், ஐந்தாவது கடையில், காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது உறுத்தியது, சுண்டுவிரலைப் போலவே, ஓரத்தில்.

"எப்படி இருக்குதுங்க மேடம்?" தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்த இம்தியாஸ் கேட்டார். கடையில் ஷூ பகுதிக்கு அவர்தான் பொறுப்பு, தாடியில் பாதி நரைத்த மனிதர், வந்ததிலிருந்து ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. "லேடீஸ்ல இதுதானுங்க பெரிய சைஸ். ஏழு. இதுக்கு மேல கம்பெனிக்காரன் செய்யறதே இல்லீங்க."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"கடிக்குது" என்றார் சபாபதி.

"உங்க காலா?"

"கட்டை விரல் மேல எழும்புது பாரு. வலிச்சா உனக்குக் கட்டை விரல் எழும்பும்."

இருபத்தெட்டு வருஷமாக இந்த மனிதர் இதைக் கவனித்துவைத்திருக்கிறார், சொன்னதே இல்லை, இப்படிப்பட்ட ரகசியங்களையெல்லாம் சேமித்துவைத்துச் சரியாகக் காரியம் கெடுகிற நேரத்தில்தான் எடுத்து வெளியே விடுகிறார். அவள் கட்டை விரலை அடக்கப் பார்த்தாள், அது ஷூவுக்குள் இன்னும் மேலே போனது. கழற்றுங்கள் என்று இம்தியாஸுக்குச் சைகை காட்டிவிட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டாள். ஏழு. ஏழு என்ற எண்ணோடு அவளுக்குப் பதிமூன்று வயதிலிருந்தே ஒத்துவரவில்லை. திருப்பூரில் செருப்புக் கடைக்காரர் அளவு பார்க்கும் இரும்புத் தட்டில் அவள் காலை வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்து, உள்ளே திரும்பி, "பாப்பாவுக்கு ஆம்பளைச் செருப்பு எடுத்துட்டு வாப்பா" என்று கூப்பிட்டார், கடை முழுக்கத் திரும்பியது. அன்றைக்கு அழுதாள். அதற்குப் பிறகு பாவாடையை ஒரு இஞ்சு கூடுதலாக இறக்கித் தைக்கச் சொன்னாள், பிறகு புடவையைத் தரை கூட்டுகிற மாதிரி கட்டினாள், பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் அட்டைப்பெட்டி நகர்வதைப் போல நகர்ந்தாள். இந்தக் கால்களை முதன்முதலில் மதித்தது மின்வாரியம்தான். உதவிப் பொறியாளராகக் குந்தாவில் சேர்ந்த முதல் வாரம் முழங்கால் வரைக்குமான ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள், எல்லாருக்கும் ஒரே அளவு, எட்டு. கூடச் சேர்ந்த ஆண்களில் பாதிப் பேருக்கு லொட லொடவென்று இருந்தது, அவளுக்கு அளவெடுத்துச் செய்ததைப் போலப் போய் உட்கார்ந்தது. அந்த பூட்ஸோடு அட்டைப்பூச்சிக் காட்டில் கம்பம் கம்பமாக நடந்தாள், மழையில் நடந்தாள், ஈரத்தில் நின்றுகொண்டு மின்சாரத்தோடு பேசுகிற வேலையில் முப்பத்தைந்து வருஷம் ஒரு தடவைகூட வழுக்கியதில்லை. ஒரு தடவைகூட. அதை நினைத்தால்தான். சரி, அதை இப்போது நினைக்க வேண்டாம். பெரிய கால் என்றால் பூமியில் கூடுதலாக ஒரு பிடி இடம் நமக்குச் சொந்தம் என்று அர்த்தம், வேறொன்றும் இல்லை.

இரண்டாவது பெட்டியிலிருந்து வந்தது வலைத்துணியால் செய்த சாம்பல் நிற ஷூ. மாட்டிய நொடியில் அவள் வாயைத் திறந்துவிட்டாள். இது ஷூவே இல்லை, காலை யாரோ இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டதைப் போல இருந்தது, புதிதாகச் சுட்ட ஆப்பத்தின் நடுவில் நிற்பதைப் போல இருந்தது. எழுந்து கடைக்குள் நடந்தாள். மட்டைப் பைகள் வரிசையாகத் தொங்குகிற இடம் வரை போனாள், பச்சைக் கம்பளம் விரித்துச் சின்னக் குழி வைத்திருந்த மூலை வரை போனாள், கை தானாக ஒரு மட்டையை எடுத்துக்கொண்டது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு கைக்குள் அந்தக் கனம். அந்தக் கனத்தை அவள் முதலில் பிடித்தது ஐம்பத்தாறு வயதில். மலைமேல் கோல்ஃப் மைதானத்தில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது என்று போயிருந்தாள், ஆட்கள் வேலையை முடிக்கிற வரைக்கும் வெறுமனே நின்றுகொண்டிருந்தவளிடம் கிளப்பின் செயலாளர் மரியாதைக்கு, ஒரு பந்து அடித்துப் பார்க்கிறீர்களா மேடம் என்றார். மரியாதைக்கு இவளும் வாங்கினாள். முதல் வீச்சு காற்றில் போனது. இரண்டாவது புல்லைப் பெயர்த்தது. மூன்றாவதில் ஒரு சத்தம் வந்தது, பெரிய சத்தம் இல்லை, நாக்கைச் சொடுக்குகிற மாதிரி ஒன்று, கையில் ஒன்றுமே தெரியவில்லை, பந்து மட்டும் ஒரு பறவைக்கு இருக்கிற அவசரம் இல்லாமல் எழும்பி எழும்பி, மேகத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று, பிறகு இறங்குவோம் என்று முடிவு பண்ணியதைப் போல இறங்கியது. நானா அடித்தேன் என்று கேட்டாள். கம்பத்தின் மேலே இருந்த லைன்மேன் கைதட்டினான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ரசத்துக்கு உப்புப் போட மறந்தாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனாள், ஓய்வு பெற்ற பிறகு வாரத்துக்கு மூன்று நாள். அறுபது வயதுக்கு மேல் ஒரு பெண்ணுக்கு உடம்பு புதிதாக ஒரு காரியத்தைக் கற்றுக்கொள்கிறது என்றால் அதைப்போலச் சந்தோஷம் வேறில்லை, இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், சபாபதியிடம் சொன்னால் ஊம் என்பார்.

"அரசி, இங்க வா" என்று அவர் கூப்பிட்டார். முக்காலிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. எங்கிருந்து வந்தது? இம்தியாஸ் தலையைச் சொறிந்தபடி நின்றார். காட்சிக்கு வைத்திருந்த அதே சாம்பல் நிற ஷூ ஒன்றைச் சபாபதி கேட்டு வாங்கி, உள்ளே மெல்லிய தாளைச் சுருட்டித் திணித்து, தண்ணீரில் கணுக்கால் உயரத்துக்கு முக்கி வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இது கடை."

"அவருகிட்ட கேட்டுட்டுத்தான் செய்யறேன். ஏன் தம்பி?"

"டிஸ்ப்ளே பீஸ்தானுங்க மேடம், பரவால்லீங்க" என்றார் இம்தியாஸ். "எனக்கும் பாக்கோணும்னு ஆசையாத்தான் இருக்குதுங்க. பன்னெண்டு வருஷமா ஈரம் புகாது புகாதுன்னு சொல்லியே வித்துட்டிருக்கேன்."

மூன்று நிமிஷம். சபாபதி ஷூவை எடுத்து, உள்ளேயிருந்து தாளை இழுத்தார். அது கூழாகியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் மாணவன் தப்பாகக் கண்டுபிடித்த உப்பைக் காட்டுவதைப் போல அதை இரண்டு விரலில் தூக்கிக் காட்டினார், முகத்தில் வெற்றி ஒரு பொட்டளவு மின்னியது. அந்தப் பொட்டளவைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது வேறு ஏதோ, தோளில் இருந்த பையை யாரோ வாங்கிக்கொண்டதைப் போல. அப்படியா, இதுவும் இல்லையா, சரி. அந்தச் சரியை அவள் பார்த்தாள், பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டாள், அடுத்ததைக் கொடுங்கள் என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக.

மூன்றாவது ஷூ வாளியை ஜெயித்துவிட்டது. கறுப்பு, கெட்டித் தோல், தையல் தெரியாமல் உருக்கி ஒட்டியது, ஐந்து நிமிஷம் கழித்து உள்ளேயிருந்த தாள் மொறமொறவென்று வெளியே வந்தது, இம்தியாஸ் தன் சொந்தப் பிள்ளை பரீட்சையில் தேறியதைப் போல மகிழ்ந்துபோனார். ஆனால் அதன் விளிம்பு வலது கணுக்காலில் போய் மோதியது, சரியாக அந்த இடத்தில். உள்ளே ஒரு தகடும் ஆறு திருகாணிகளும் இருக்கிற இடம், மேலே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு, சாயங்காலமானால் அந்தப் பக்கம் கொஞ்சம் வீங்கி, வலது கால் இடது காலுக்கு அண்ணனாகிவிடும். தொட்டதும் மொத்தமும் வந்துவிட்டது. வேண்டாம் என்று தள்ளிவைத்தது கதவைத் திறந்துகொண்டு அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்தது. போன வருஷம் ஐப்பசி, ஏழாம் குழியின் சரிவு, பனிமூட்டம், தனியாக ஆடிக்கொண்டிருந்தாள், காலில் கித்தான் ஷூ, அதுவும் முதல் குழியிலேயே நனைந்து சதசதவென்றிருந்தது. பந்து எங்கே என்று பார்த்துக்கொண்டே இறங்கினாள். வழுக்கியது என்றுகூடச் சொல்ல முடியாது. புல் நகர்ந்தது. பூமி ஒரு துணியைப் போல உருவப்பட்டது, வானம் வந்தது, ஒரு சத்தம் கேட்டது, அது தன் எலும்பிலிருந்து வந்தது என்பது புரியவே நேரமானது. வலியைக்கூடத் தாங்கலாம். தாங்க முடியாதது அந்த எருமை. ஒரு காட்டெருமை, லாரி அளவுக்கு, பனிக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வந்து இருபதடி தூரத்தில் நின்று புல் மென்றுகொண்டே அவளைப் பார்த்தது. போ சாமி, என்று அவள் சொன்னாள். போகவில்லை. நான் மின்வாரியத்தில் செயற்பொறியாளராக இருந்தவள், என்று சொன்னாள். அதற்கும் போகவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு அதோடு அவள் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தால் நல்ல ஒரு மேடைப் பேச்சு தேறும். சரிவுக்குக் கீழே எங்கேயோ அவளுடைய போன் அடித்துக்கொண்டிருந்தது. கையிலிருந்து நழுவி உருண்டு போயிருந்தது. அடிக்கும், நிற்கும், மறுபடி அடிக்கும். நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தில் அவள் கற்றுக்கொண்டது இதைத்தான்: எழுந்து நிற்கிறோம் என்பது நாம் செய்கிற காரியம் இல்லை, காலுக்குக் கீழே இருப்பது சம்மதித்தால்தான் நிற்கிறோம். முப்பத்தைந்து வருஷம் அது சம்மதித்தது. ஒரு நாள் மாட்டேன் என்றது. அவ்வளவுதான். அவ்வளவேதான், ஆனால் அதற்குப் பிறகு குளியலறையில் ஓடு பளபளத்தால் கை தானாகக் கதவைப் பிடிக்கிறது.

"அழுத்துதுங்களா மேடம்? முகம் மாறிருச்சுங்க" என்றார் இம்தியாஸ்.

"அழுத்துது. இது வேண்டாம்."

"லேடீஸ்ல இவ்வளவுதானுங்க." அவர் எழுந்து நின்று முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். எதையோ சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கிறார் என்பது தெரிந்தது. "தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு சொல்லட்டுங்களா. ஆம்பளைங்க செக்‌ஷன்ல எட்டு நம்பர்ல அகலக் கால்காரங்களுக்குன்னு ஒரு மாடல் வந்துச்சுங்க. பாத்தா அழகா இருக்காது."

அவளுக்குள்ளே இருந்த பதிமூன்று வயதுப் பெண் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தாள், கடை முழுக்கத் திரும்புகிறதா என்று. யாரும் திரும்பவில்லை. கடையில் இருந்த இன்னொரு ஆள் டென்னிஸ் பந்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அழகா இருந்து நான் என்ன பண்ணப் போறேன், எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அது பாசி படிந்த பச்சை நிறத்தில் இருந்தது, மஞ்சள் லேஸ், அடியில் குமிழ் குமிழாகக் கெட்டி ரப்பர், முன்பக்கம் வாத்தின் அலகைப் போல அகன்று போயிருந்தது, பார்த்ததும் சிரித்துவிட்டாள். இம்தியாஸ் ஒரு பிளாஸ்டிக் பட்டையை வைத்துக் குதிகாலை உள்ளே வழுக்கிவிட்டார். வலது கால் முதலில். சுண்டுவிரல் போய்ப் படுத்துக்கொண்டது, காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. தழும்பின் மேல் பஞ்சு வைத்த விளிம்பு வந்து தொட்டது, அமுக்கவில்லை, கையை வைத்துக்கொண்டிருப்பதைப் போல வெறுமனே இருந்தது. இடது காலுக்கு ஒரு துளி பெரிதாக இருந்தது, இம்தியாஸ் ஒரு மெல்லிய உள்ளட்டையைச் செருகினார், அண்ணனும் தம்பியும் சமமானார்கள். வாளியில் ஏழு நிமிஷம் கிடந்த அதே மாடலின் டிஸ்ப்ளே பீஸிலிருந்து தாள் காய்ந்தபடியே வெளியே வந்தது. சபாபதி தாளை முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவள் எழுந்து நின்றாள். நடந்தாள். கட்டை விரல் எழும்பவில்லை. ஆகிவிட்டது. மூன்றும் சேர்ந்த ஷூ. ஐந்து கடை, கூரியரில் வந்து திரும்பிப்போன இரண்டு ஜோடி, எல்லாம் தாண்டிக் கிடைத்துவிட்டது, இப்போது ஒரு மகிழ்ச்சி பொங்கி வர வேண்டும், அவள் அதற்கு இடம் விட்டு நின்றாள், வரவில்லை, குனிந்து லேஸுக்கு இரண்டாவது முடிச்சுப் போட்டாள். அப்போது போன் அடித்தது. டெய்சி. ஞாயிற்றுக்கிழமை மழைக்கால ஜோடி ஆட்டத்தில் இவளுக்கு ஜோடி, குன்னூரில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள், பேச்சு ஆரம்பித்தால் மூச்சு விட மாட்டாள்.

"அரசிக்கா, இன்னும் அரை மணி நேரத்துல பேரு குடுத்தாகணும்க்கா, செக்ரட்டரி நச்சரிக்கிறாரு, ஷூ கிடைச்சிதா இல்லையா, கிடைச்சிதுன்னு சொல்லுங்கக்கா."

"இன்னும் கிடைக்கலை டெய்சி" என்றாள் மங்கையர்க்கரசி.

வாய் சொன்னது. அவள் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது, காலில் அந்தப் பச்சை ஷூவோடு, மஞ்சள் லேஸ் கட்டி முடித்து, இரண்டு முடிச்சும் போட்ட பிறகு. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு நிமிர்ந்தபோது சபாபதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், இந்தத் தடவை கட்டை விரலை இல்லை. இம்தியாஸ் நல்ல மனிதர், காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

அவளுக்குத் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் அவ்வளவு சீக்கிரம் சரி என்றது எதற்காக என்று, ஒவ்வொரு கடையிலும் இல்லை என்று சொன்னபோது தோளிலிருந்து பை இறங்கியது எதற்காக என்று, எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது, எல்லா ஃப்யூஸும் ஒரே கம்பியில் இருந்ததைப் போல. ஒன்பது மாதமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், எங்க வீட்டுக்காரர் விட மாட்டேங்கிறார், எங்க வீட்டுக்காரர் பயப்படறார். டெய்சியிடம் சொன்னாள், அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் சொன்னாள், கண்ணாடியிடம்கூடச் சொல்லியிருப்பாள். பாவம், அந்த மனிதரை ஒரு குடையைப் போல விரித்துப் பிடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றாள். "ஷூ சரியாத்தான் இருக்கு. எனக்குத்தான் பயமா இருக்கு. உங்க மேல பழியப் போட்டுட்டு இருந்துட்டேன்."

சபாபதி வாளிப் பக்கம் குனிந்தார். வாளித் தண்ணீரில் விரலை விட்டு எடுத்தார். "பதினோரு தடவை அடிச்சேன்" என்றார்.

"எது?"

"அன்னைக்கு. குக்கர் விசில் வரலைன்னு கேக்கறதுக்குத்தான் முதல் தடவை அடிச்சேன். நீ எடுக்கலை. ரெண்டாவது தடவையும் குக்கருக்குத்தான். மூணாவதுல இருந்து குக்கர் மறந்துபோச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்க ஒன்றும் கிடைக்காமல் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துத் துடைத்தார். "பதினோராவது தடவைக்கு அப்புறம்தான் கிளப்புக்கு அடிச்சேன். முதல்லயே அடிச்சிருக்கலாம். அடிச்சிருந்தா நீ அத்தன நேரம் கிடந்திருக்க மாட்டே. நான் வந்து பாக்கறப்போ நீ ஒரு எருமைகிட்ட என்னைப் பத்தி ஏதோ சொல்லிட்டிருந்தே."

"என்ன சொன்னேன்?"

"எங்க வீட்டுக்காரரு வந்துருவாரு, அதுக்குள்ள போயிருன்னு."

அவளுக்கு அது நினைவே இல்லை. அந்த நாற்பது நிமிஷத்தை ஒன்பது மாதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள், புல், பனி, மெல்லுகிற தாடை, ஒவ்வொன்றாக, ஆனால் இந்தப் பக்கத்திலிருந்துதான், மேலேயிருந்து கீழே அடிக்கிற போனைக் கேட்டபடிதான், அந்தப் போனுக்கு மறுமுனை ஒன்று இருந்தது, அங்கே ஒரு சமையலறையில் விசில் வராத குக்கருக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் ஒவ்வொரு தடவையாக எண்ணிக்கொண்டு நின்றார் என்பது தோன்றவே இல்லை. இரண்டு நாற்பது நிமிஷம். ஒரே வீட்டில் இரண்டு நாற்பது நிமிஷத்தை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு அறையில் தனித்தனியாகக் காவல் காத்திருக்கிறோம். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது, இரண்டையும் ஒரே முந்தானையால் துடைத்தாள். இனி என்ன? இனி ஒன்றுதான். தான் சோதித்துப் பார்க்காத எந்த இணைப்புக்கும் அவள் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை, தாள் காய்ந்திருக்கிறது என்பது ஷூவைப் பற்றிய சேதி, அவளைப் பற்றியது இல்லை. வெளியே பார்த்தாள். தென்மேற்குச் சாரல், கோயம்புத்தூருக்கு ஆடி மாதத்தில் வருகிற, நனைக்கவும் செய்யாத விடவும் செய்யாத சாரல். கடை வாசலில் படிகளுக்குப் பக்கத்தில் இருசக்கர வண்டி ஏற்றுவதற்கு ஒரு சரிவு கட்டியிருந்தார்கள், நல்ல செங்குத்து, வழவழவென்று ஓடு, மழைத் தண்ணீர் அதன் மேல் தகடாக வழிந்துகொண்டிருந்தது. உள்ளே வரும்போது அதைப் பார்த்துவிட்டு இவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தது இப்போது நினைவுக்கு வந்தது.

"இம்தியாஸ், இதப் போட்டுட்டு அந்தச் சரிவுல ஒரு நடை போய்ப் பாக்கட்டுமா?"

இம்தியாஸ் வாசலைப் பார்த்தார், சபாபதியைப் பார்த்தார். "அதுல காலைல நானே ரெண்டு தடவை சறுக்கிட்டனுங்க மேடம்" என்றார். பிறகு, "அப்ப அதுதானுங்க சரியான இடம்" என்றார்.

சபாபதி வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லுவார் என்று அவள் காத்திருந்தாள், பழக்கம், குடைக்குக் கை நீளுகிற பழக்கம். அவர் எழுந்து, அவளுக்கு முன்னால் படியில் இறங்கிப் போய், சரிவின் கீழ்முனையில் சாரலில் நனைந்தபடி இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றார், கபடி மைதானத்தில் ஆளைப் பிடிக்க நிற்பதைப் போல. தெருவில் போன ஒரு ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். மங்கையர்க்கரசி சரிவின் உச்சியில் நின்றாள். இது ஏழாம் குழி இல்லை, ஆறடி ஓடு, விழுந்தாலும் தூக்க இரண்டு பேர் இருக்கிறார்கள், எருமை இல்லை. ஆனால் உடம்புக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, உடம்பு வழிகிற தண்ணீரைப் பார்த்தது, தொடை இறுகியது, உள்ளே ஆறு திருகாணியும் தனித்தனியாகக் குளிர்ந்தன. வலது காலை வைத்தாள். ரப்பர்க் குமிழ்கள் ஓட்டைத் தொட்டன, ஒவ்வொன்றாகத் தொட்டன, பாதத்தின் அடியில் நாய்க்குட்டி பல் பதிக்காமல் கவ்வுகிறதே அப்படி ஒரு பிடி. இடது கால். நகரவில்லை. நகரப்போகிறது. நகரவில்லை. காலுக்குக் கீழே இருந்தது சம்மதித்தது. மூன்றாவது அடி, நாலாவது, குனிந்திருந்த முதுகை நிமிர்த்தினாள், ஷூவின் மேல் விழுந்த மழை முத்து முத்தாக உருண்டு ஓடியது, உள்ளே சுண்டுவிரல் வெதுவெதுப்பாக இருந்தது.

"வந்துட்டே, வந்துட்டே" என்று சபாபதி கைகளை விரித்தபடி ஒரு அடி மேலே ஏறி வந்தார். அவர் காலில் தேய்ந்துபோன ரப்பர்ச் செருப்பு. அதை அவரும் நினைக்கவில்லை, இவளும் நினைக்கவில்லை. வைத்த கால் அப்படியே சர்ரென்று பின்னால் போனது, கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்தது, விரித்த கைகள் காற்றைப் பிடித்தன, அந்த ஒரு நொடியில் மங்கையர்க்கரசி யோசிக்கவே இல்லை, இரண்டு காலையும் அகல ஊன்றி அவரை அக்குளோடு சேர்த்துப் பிடித்து நிறுத்திவிட்டாள். எழுபது கிலோ மனிதர், ஈரச் சரிவு, அவள் ஒரு நூல் நகரவில்லை. மின்கம்பம் நட்டதைப் போல நின்றாள். வாசலிலிருந்து இம்தியாஸ் "யா அல்லா" என்றார், பிறகு கைதட்டினார்.

சபாபதியின் ஒரு செருப்பு சாக்கடை ஓரம் வரை போய்க் கிடந்தது. அவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார், கீழே குனிந்து அந்தப் பச்சை ஷூவைப் பார்த்தார், நிமிர்ந்தார், பிறகு அவள் இடுப்பில் செருகியிருந்த போனைத் தானே உருவி எடுத்துத் தேடி அடித்தார்.

"டெய்சியா? சபாபதி பேசறேன்மா. கிடைச்சிருச்சு. ஆமா, ஆமா, கிடைச்சிருச்சு, பேரக் குடுத்துரு." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டார். "சோதிச்சாச்சுமா. நான்தான் சோதிச்சேன்."

அவர் ஒற்றைச் செருப்போடு நொண்டிப் போய் மற்றொன்றை எடுத்து உதறி மாட்டிக்கொண்டு, படியின் கைப்பிடியை நன்றாகப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறிக் கடைக்குள் போனார். உள்ளேயிருந்து இம்தியாஸ் துண்டு எடுத்துக் கொடுப்பதும், சாருக்கு என்ன சைஸுங்க என்று கேட்பதும், இவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சும்மா ஒரு தகவலுக்கு, ஏழு, என்பதும் கேட்டது. மங்கையர்க்கரசி உள்ளே போகவில்லை. சாரல் கொஞ்சம் வலுத்திருந்தது. புடவையை ஒரு சாண் தூக்கிச் செருகிக்கொண்டாள். கால் முழுக்கத் தெரிந்தது, பச்சையாக, பெரியதாக, வாத்தின் அலகைப் போல அகன்று. சரிவில் மேலே ஏறினாள், திரும்பினாள், கைகளை வீசிக்கொண்டு இறங்கினாள். மறுபடி ஏறினாள். இப்போது சோதிக்க ஒன்றும் பாக்கி இல்லை, நினைக்கவும் ஒன்றும் வரவில்லை, ஏறுவதும் இறங்குவதும் நன்றாக இருந்தது, அதனால் இன்னொரு தடவை ஏறினாள்.